குதிரைக் காரின் பின்சீட்டு

எங்க காடச்சம்பாளையத்து ஆம்பளைங்க போன ஆவணி மாசம் பூரா தரையைப் பாத்துக்கிட்டேதான் நடந்தாங்க, டீக்கடையில பேப்பரை மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டாங்க, ஊட்டுல கொழம்புக்கு உப்புப் பத்தலைன்னாலும் வாயைத் தொறக்காம உண்டுட்டு எந்திரிச்சாங்க. ஏன் இப்படின்னு வெளியூர்க்காரங்க கேட்டா, கொழந்தவேலண்ணன் குதிரைக் காருக்கு இன்ஜின் மாத்தினாருங்க, அதான்னு சொல்லுவோம். கேட்டவங்க எங்களை ஒரு மாதிரியாப் பாப்பாங்க. பாத்துட்டுப் போகட்டும், எங்களுக்கென்ன?

குதிரைக் கார்ங்கறது மூக்குல ஓடற குதிரைப் பொம்மை வச்ச செவப்பு அமெரிக்காக் காரு. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும், கூரையை மடிச்சுப் பின்னால தள்ளிட்டாத் தேர் மாதிரி தொறந்து கெடக்கும். கோயமுத்தூர்ல ஒரு மில்லு மொதலாளி ஆசைக்கு வாங்கி வச்சிருந்ததை, அவரு நொடிச்சுப்போன காலத்துல கொழந்தவேலண்ணனோட அப்பாரு ஓட்டியாந்தாரு. மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இதுலதான்னு பிடிவாதம் புடிச்சு வாங்கியாந்தாரு. அதுல ஏறின மொத மாப்பிள்ளை கொழந்தவேலண்ணன்தான். அதுக்கப்பறம் ஊர்ல எவன் கல்யாணம் பண்ணினாலும் பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் அந்தக் காருதான், ஓட்டறது அண்ணன்தான். முன்னால மேளக்காரங்க நடக்க, அவங்க நடைக்குத் தக்கன காரு ஊர, பின்சீட்டுல மாப்பிள்ளையும் தோழனும் மாலையும் கண்ணாடியுமா உக்காந்திருப்பாங்க. ரெண்டே கதவு வச்ச வண்டி, முன்சீட்டை மடக்கி யாராச்சும் கை குடுத்தாத்தான் பின்னால இருந்து எறங்க முடியும், அதனால மண்டபத்து வாசல்ல பொண்ணோட அண்ணனோ தம்பியோ கை குடுத்து மாப்பிள்ளையை எறக்கறதுன்னு ஒரு வழக்கமே உண்டாகிப் போச்சு.

சத்தம்னா அப்பிடியொரு சத்தம். எட்டு சிலிண்டரு. தெரு மொனையில வரும்போதே எங்க ஊட்டு ஜன்னல் கம்பி அதிரும், அடுப்புல பால் தளும்பும். பின்சீட்டுல இருக்கறவன் பக்கத்தாளுக்கு ஒண்ணு சொல்லோணும்னா காதுல வாயை வச்சுக் கத்தோணும். ஓட்டற அண்ணனுக்கே ஒரு வார்த்தை கேக்காது. அதனால மாப்பிள்ளைங்க பயமில்லாம வாய்க்கு வந்ததைப் பேசினாங்க. ஒருத்தன் வாழ்க்கையில அப்பிடி நாலு பேர் மத்தியில உக்காந்துக்கிட்டு மனசுல இருக்கறதைக் கத்திச் சொல்ல வேற எங்க எடம் கெடைக்குது, சொல்லுங்க?

எங்களுக்குச் சத்தம் பெருசில்லைங்க. இது தறி ஓடற ஊரு. ஆம்பளைங்க நூல் யாவாரம், லாரின்னு போயிருவாங்க, விசைத்தறி ஓட்டறது நாங்க பொம்பளைங்கதான். ஷெட்டுக்குள்ள நாப்பது தறி ஒண்ணா அடிக்கையில காதுக்கு வேலையே கெடையாது. வாயைப் பாத்துத்தான் பேச்சு. அந்தக் கோடியில நிக்கறவ இந்தக் கோடியில நிக்கறவகிட்ட மாமியா சண்டையைச் சத்தமே இல்லாம பூராவும் சொல்லி முடிச்சிருவா, நாங்களும் பாத்தே சிரிப்போம், பாத்தே அழுவோம். புதுசா வர்ற புள்ளைங்களுக்கு மொத வாரம் வாயைத் தொட்டுக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையா இழுத்து இழுத்துச் சொல்லிப் பழக்குவோம். நானும், என் பேரு சம்பூரணமுங்க, கொழந்தவேலண்ணன் பொண்டாட்டி தெய்வானையும் கல்யாணத்துக்கு முன்னால பக்கத்துப் பக்கத்துத் தறி. அவ அப்பாவுக்குச் சொந்தமாத் தறிப்பட்டறை இருந்தும் மகளும் தறியிலதான் நின்னா. நூல் அறுத்து அறுத்து வெரலெல்லாம் காச்சுப்போயி, தறியில குறுக்க ஓடற நாடாக்கட்டை அடிச்சு ஒரு நகம் கறுத்துப்போன கை அவளுக்கு. எங்க எல்லாத்துக்கும் அதே கைதான்.

தெய்வானை ரொம்ப அடக்கம்னு ஊர்ல பேரு. கல்யாணத்தன்னிக்கு மணவறையைச் சுத்தி வரும்போது கூட முந்தானையைச் சுத்திக்கிட்டுத்தான் கையை மாப்பிள்ளைகிட்டக் குடுத்தா. பாத்தியா பொண்ணு எவ்வளவு அடக்கம்னு பெரியவங்க எல்லாம் மெச்சினாங்க, நானும் மெச்சினேன். அப்பறமும் வளையக்காரர் வந்தா தானே வாங்கிப் போட்டுக்குவா, யாரையும் கை புடிக்க விடமாட்டா. போட்டோ எடுத்தாக் கை சீலைக்குள்ள போயிரும்.

போன வைகாசியில ஒரு கல்யாணம். வீடியோக்காரன் வானத்துல தும்பி மாதிரி ஒண்ணைப் பறக்கவிட்டு எடுத்துக்கிட்டிருந்தவன், காருக்கு முன்னால வந்து நின்னு, "அண்ணா, இந்தத் தகர டப்பாவைக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க, மேளமே ரெக்கார்ட் ஆக மாட்டேங்குது"ன்னுட்டான். மாப்பிள்ளையை எறக்கி வேற வெள்ளைக் காருல ஏத்திட்டாங்க. கொழந்தவேலண்ணன் காலிச் சீட்டோட ஊட்டுக்குத் திரும்பினாரு. பாவம், மனுஷனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. மக்கியா நாள் விடிஞ்சதுமே மெக்கானிக் யாகூப்பைக் கூட்டியாந்து, "பழசைக் கழட்டிடு யாகூப்பு. சத்தமே வராத புது இன்ஜினாப் போடு"ன்னாரு.

யாகூப் தலையைச் சொறிஞ்சான். "இன்ஜின் மட்டும் மாத்தினா ஆகாதுங்ணா. கியர் பாக்ஸ், ரேடியேட்டரு, வயரிங்கு எல்லாமே மாத்தோணும். புது இன்ஜினுக்கு மூளை வேற தனியா ஒரு டப்பாவுல வருது, அதுக்கு எடம் பாக்கோணும்."

"பாரு. நல்லாப் பாரு. எனக்கு மானம் போச்சு."

விபத்துல நசுங்கின புது மாடல் காருல இருந்து எடுத்த ஜப்பான் இன்ஜின் ஒண்ணு சேலத்துல கெடைச்சுது. சங்கிலி போட்டுப் பழைய இன்ஜினைத் தூக்கி, ஷெட்டு மூலையில ஒரு டயர் மேல உக்கார வச்சு, சாக்குப் போட்டு மூடினாங்க. ஆடி முழுக்க வெட்டி ஒட்டி, ஆவணி பொறந்ததும் எலுமிச்சம்பழம் நசுக்கிச் சாவியைத் திருப்பினாரு அண்ணன். ஒரு சத்தமும் இல்லை. ஸ்டார்ட் ஆவலைன்னு நெனச்சு மறுபடியும் திருப்ப, ஓடற இன்ஜின் கிறீச்சுன்னு கத்துச்சு. எல்லாரும் சிரிச்சோம். அவருக்குப் பெருமை தாங்கலை. பிள்ளையார் கோயிலுக்கு ஓட்டிப் போயி, அங்கிருந்து மாப்பிள்ளை அழைப்பு நடையிலேயே தெருவுல ஊர்ந்து வந்தாரு.

அப்பத்தான் காலியாக் கெடந்த பின்சீட்டுல இருந்து ஒரு கொரல் கேட்டுச்சு: "டேய், அவ பேரு என்னடா? கௌசல்யாவா, கௌரியா? மறந்து தொலைச்சிட்டேன்டா!"

அது மருந்துக்கடை மனோகரன் கொரல். போன தையில கல்யாணமானவன். கௌசல்யா அப்ப தண்ணிக் கொடத்தோட ரோட்டோரத்துலதான் நின்னுக்கிட்டிருந்தா. கொடத்தை எறக்கி வச்சா, ஊட்டுக்குள்ள போனா, மனோகரன் அன்னிக்கு முழுக்கப் பட்டினி.

எப்பிடி வந்துச்சு, எதனால வந்துச்சுன்னு கேக்காதீங்க, எங்கூர்ல யாரும் அதைக் கேக்கலை. மூடி இருந்ததை எடுத்தா உள்ள இருக்கறது தெரியத்தானே செய்யும்னு யாகூப் சொன்னான், அதோட சரி. கோயில்ல இருந்து மண்டபத்துக்கு ஒரு நடை ஊர்ந்தா ஒரு மாப்பிள்ளை பேச்சு. மறுநடை ஊர்ந்தா அவனுக்கு முந்தின மாப்பிள்ளை. கடைசியாக் கட்டினவன்ல இருந்து ஒவ்வொருத்தனாப் பின்னாலேயே போச்சு.

மொத நாளு நாங்க வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். ஒருத்தன் பசிக்குது பசிக்குதுன்னே மண்டபம் வரைக்கும் பொலம்பியிருந்தான். லாரி கேபின்ல அருவா வச்சுக்கிட்டுச் சுத்தற மீசைக்காரன் சின்னச்சாமி, "எனக்கு பயமா இருக்குது மாமா, ஊட்டுக்குப் போயிரலாம்"னு அழுதிருந்தான். அப்பறம் சிரிப்பு கொறைஞ்சுது. ஒருத்தன் ஒரு ஊட்டைத் தாண்டும்போது, "இங்க ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுடா, அவ வாசல்ல நிக்கறாளான்னு பாத்துக்கறேன்"னு கெஞ்சியிருந்தான். அவன் பொண்டாட்டி அந்த ஊட்டைத் தாண்டித்தான் தெனமும் ஷெட்டுக்குப் போவா. மக்கியா நாள்ல இருந்து ஏரிமேட்டைச் சுத்திப் போனா. பெரிய மனுஷன் பழனியப்பன், கோயில் வரி வசூலுக்கு இன்னிக்கு அவருதான் தலைமை, "மேளக்காரங்களுக்குக் கடைசிப் பந்தியில போடுங்க, மிஞ்சினாப் பாத்துக்கலாம்"னு சொன்னது வந்தப்ப, நாதஸ்வரக்காரர் மகன் தெருவுலதான் நின்னான். பழனியப்பன்தான் வேட்டி நுனியைப் புடிச்சுக்கிட்டு சந்துல பூந்தாரு.

ஊருன்னா எதையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டாந்திரும் இல்லீங்களா? நாலஞ்சு நாள்ல எங்களுக்கு அதுவும் ஒரு வழக்கமாயிருச்சு. சாயங்காலம் காரு கெளம்பும். எந்த ஜோடி மொறையோ அந்தப் பொம்பளை குளிச்சுத் தலை சீவிக்கிட்டு வந்து காரு பக்கத்துலயே நடப்பா, மத்தவங்க கொஞ்சம் தள்ளி நடக்கோணும், கேட்டது கேக்காத மாதிரி இருக்கோணும். பொம்பளைங்க அடுத்த மொறை யாருன்னு விசாரிச்சுப் போவாங்க. மொறைக்கார ஆம்பளைங்களுக்கு அன்னிக்குன்னு பார்த்துக் காட்டுல தண்ணி பாய்ச்சற வேலை வந்திரும். புருஷன் செத்துப்போன செங்கமலத்தக்கா அவளா வந்து கேட்டு நடந்தா. "நல்ல பொண்ணுடா, நான் கொடுத்து வச்சவன்"னு வந்துச்சு. நட்ட நடுத்தெருவுல உக்காந்து அழுதா. எங்களுக்கும் தாங்கலை, நாங்களும் அழுதோம்.

கொழந்தவேலண்ணன் இருந்த இருப்பைத்தான் பாக்கோணுமே! ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு நீதிபதி கணக்கா ஓட்டுவாரு. ஆம்பளைங்க கும்பலாப் போயி, "அண்ணா, கால்ல வேணா விழுகறோம், பழைய இன்ஜினையே மாட்டிருங்க"ன்னு கெஞ்சினாங்க. "பேசினது நீங்க, இன்ஜின் என்னடா பண்ணும்? உண்மை வெளிய வரட்டும்"னு விரட்டி விட்டாரு. மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். தகர டப்பான்னு சொன்ன ஊரு தன் வண்டிக்கு முன்னால தலை குனிஞ்சு நிக்குதே!

ஒரு நாள் நான் அவங்க ஊட்டுல உக்காந்து தெய்வானையோட பூ கட்டிக்கிட்டிருந்தேன். அண்ணன் சோத்துல கை வச்சாரு. அவ பூவுல இருந்து கண்ணை எடுக்காமக் கேட்டா: "ஏனுங்க, நம்ம மொறை எப்ப வருதுங்க?"

அண்ணன் கை தட்டுலயே நின்னு போச்சு.

"நம்மளுதா? நம்மளுது… அது மொத நடைதானே. கடைசியா வரும். வராமக் கூடப் போகும்."

"வருமுங்க. நானும் நடந்து வந்து கேக்கோணும்"னு சொல்லிட்டு நூலைப் பல்லுல கடிச்சா.

அவரு மூஞ்சியில ஈயாடலை. பாதிச் சோத்துல எந்திரிச்சுக் கை கழுவிட்டாரு. அந்த நிமிஷத்துல இருந்து அவரு வேற ஆளுங்க. சாயங்கால நடைக்குத் தலைவலின்னாரு. அடுத்த நாள் பேட்டரி சரியில்லைன்னாரு. பொண்டாட்டி எதிர்ல வந்தா வேட்டியைச் சரி பண்ணினாரு. என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஏம்மா சம்பூரணம், தெய்வானை என்னமாச்சும் சொன்னாளா?"ன்னு கேட்டாரு. "என்னத்தைச் சொல்லோணுமுங்ணா?"ன்னேன். "அன்னிக்குக் கூட்டாளிகிட்ட வயசுத் திமிர்ல ஒண்ணு சொன்னேன். அவ அதைக் கேட்டாச் செத்துருவா. நான் அவ மூஞ்சியில முழிக்கவே முடியாது"ன்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. பாக்கவே சங்கடமா இருந்துச்சு, ஆனா எனக்குக் கோவமும் வந்துச்சு. ஊர்ல இருக்கற ஒவ்வொரு பொம்பளையும் கேட்டுச் சாகாமத்தானே இருக்கறோம்?

அவருக்கு முன்னால ரெண்டு மாப்பிள்ளைங்கதான் பாக்கின்னு இருந்தப்ப, விடிஞ்சு எந்திரிச்சுப் பாத்தா யாகூப் சங்கிலியோட நிக்கறான். ஜப்பான் இன்ஜின் வெளிய, பழைய எட்டு சிலிண்டரு உள்ள. சாவியைத் திருப்பினதும் எங்கூட்டு ஜன்னல் கம்பி அதிர்ந்துச்சு. ஊரு ஆம்பளைங்க எல்லாம் ஓடியாந்து அண்ணனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. பழனியப்பன் வெடி வச்சாரு. ஊரு மானத்தைக் காப்பாத்த மனசு மாறிட்டேன்னு அண்ணன் சொன்னாரு, எல்லாரும் நம்பினாங்க.

தெய்வானை வாசல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தா. வெடிச் சத்தம் ஓஞ்சதும் காருகிட்ட வந்தா. "மொத சவாரி நான் வர்றேனுங்க. இத்தனை வருஷத்துல நான் ஒருக்காக் கூட இந்தப் பின்சீட்டுல உக்காந்ததில்லை. கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும், அதே நடையில கூட்டிட்டுப் போங்க."

அண்ணனுக்குத் தலைகால் புரியலை. இவ்வளவுதானா, தப்பிச்சோம்டான்னு அந்த மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு. வெள்ளை வேட்டி கட்டி, காருக்கு மாலை போட்டு, அன்னிக்கே சாயங்காலம் கூரையை மடிச்சுவிட்டு, பின்சீட்டுல பொண்டாட்டியை உக்கார வச்சுக் கெளம்பினாரு. ஷிப்டு முடிஞ்சு பொம்பளைங்க எல்லாம் ரெண்டு பக்கமும் நின்னோம். காரு உறுமிக்கிட்டு ஊர்ந்து வந்துச்சு. அண்ணன் சிரிச்சுக்கிட்டு எங்களுக்குக் கையாட்டினாரு. அவருக்கு ஒரு வார்த்தையும் கேக்கலை. அவருக்குப் பின்னால தெய்வானை நேராப் பாத்துக்கிட்டுப் பேசிக்கிட்டே வந்தா. ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு வந்தா. நாங்க பாத்தோம்.

"இந்தத் தறிக்காரி கையைப் புடிச்சுக்கிட்டு நாலு பேர் முன்னால எப்பிடிடா நடப்பேன். காச்சுப்போயி ஆம்பளைக் கை மாதிரி இருக்குது. தொடறதுக்கே கூச்சமா இருக்குதுடா."

டா-ன்னு அவ வாயி தொறந்து மூடினப்பத்தான் அது யாரு பேச்சுன்னு எனக்கு ஒறைச்சுது. மாப்பிள்ளை அழைப்பு வரும்போது நான் கீழ வாசல்ல ஆரத்தித் தட்டோட நின்னேன், மேளக்காரங்க முதுகுதான் தெரிஞ்சுது. அவ மண்டபத்து மாடி ஜன்னல்ல நின்னா. தொறந்த காரு. கத்திக் கத்திப் பேசின மாப்பிள்ளை. அந்த வாயை மேல இருந்து பாத்துட்டுத்தான் அவ எறங்கி வந்து கையில முந்தானையைச் சுத்திக்கிட்டிருக்கறா. நாங்க அதுக்கு அடக்கம்னு பேரு வச்சோம். த்தூ, எங்க மூஞ்சியில!

ஒவ்வொருத்தியாத் தலையைத் திருப்பிக்கிட்டோம். அண்ணன் கையாட்டறாரு, ஒருத்தியும் திரும்ப ஆட்டலை. அவரு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுது. என்னமோ ஆயிருச்சுன்னு தெரியுது, என்னன்னு தெரியலை. இந்தப் பக்கம் பாக்கறாரு, அந்தப் பக்கம் பாக்கறாரு. கண்ணாடியில பாக்கறாரு, அதுல பொண்டாட்டி வாயி அசையுது.

மண்டபத்து வாசல்ல வண்டி நின்னுச்சு. இன்ஜினை அவரு நிறுத்தலை, பயம். எறங்கி வந்து முன்சீட்டை மடக்கிட்டுக் கத்தினாரு: "என்ன புள்ள, வழியெல்லாம் என்னமோ சொல்லிக்கிட்டே வந்தியே! ஒண்ணும் கேக்கலை!"

தெய்வானை ஒரு வெரலால தன் வாயைத் தொட்டுக் காட்டினா, புதுசா வந்த புள்ளைக்குக் காட்டற மாதிரி. இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் அன்னிக்குத்தான் அவ பேசும்போது அவ வாயைப் பாத்தாரு. அவ ஒவ்வொரு வார்த்தையா இழுத்து இழுத்துச் சொன்னா. இந்த. தறிக்காரி. கையை. அவரு ஒதடும் அவளோட சேந்தே அசைஞ்சுது. பாதிக்கு மேல அவ சொல்ல வேண்டியிருக்கலை, அவரு ஒதடே முன்னால போயிருச்சு.

சொல்லி முடிச்சுட்டு, முந்தானைக்குள்ள இருந்து கையை எடுத்து, எறங்கறதுக்கு நீட்டினா. காச்சுப்போன வெரல், கறுத்த நகம், எல்லாம் அந்தி வெளிச்சத்துல நல்லாத் தெரிஞ்சுது.

அண்ணன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டாரு. வாய் மட்டும் அசைஞ்சுது. ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் கேக்கலை, இன்ஜின் அப்பிடி அடிக்குது. நாங்க படிச்சோம்: "முடியலை புள்ள. கூச்சமா இருக்குது."

அவளும் படிச்சா. படிச்சுட்டு, கையை மடக்காமச் சொன்னா: "இருக்கட்டும். புடிங்க. காலு மரத்துப் போச்சு."

அவரு கையை முன்னால கொண்டாந்தாரு. வேட்டியில தொடைச்சாரு. திருப்பிப் பாத்துட்டு மறுபடியும் தொடைச்சாரு. அவ நீட்டின கை நீட்டினபடியே இருந்துச்சு, அவரு தொடைச்சுக்கிட்டே நின்னாரு.